ஸ்டியரிங் நடுங்குது, இவர்களுக்கோ அவசரம்

காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டு போகும்வரை ஒன்றும் தெரியாது. கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி 80ஐத் தாண்டினால் போதும், ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் புது டயர். சக்கரம் சீராகச் சுழல ரிம்மில் சிறு எடைக்கட்டிகளை ஒட்டுகிற பேலன்சிங்குக்கும் சேர்த்துத்தான் டயர் கடைக்காரர்கள் காசு வாங்கினார்கள்.

கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேறு அப்படியே ஒட்டியிருக்கும். பழைய எடைக்கட்டிகளைக் கழற்றாமலே பக்கத்தில் புதிதாக ஒன்றை ஒட்டுவார்கள். சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிற மெஷின் இன்னும் 15 கிராம் குறைகிறது என்று காட்டும், "அது பரவாயில்லை அண்ணா" என்று சக்கரத்தை இறக்கிவிடுவார்கள். எப்படிப் பரவாயில்லை? வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சமநிலைக் குறைவு இழுக்கிற விசை நாலு மடங்காகும்! எடையை ஒட்டியபிறகு திரும்பச் சுழற்றி, இரண்டு பக்கமும் சைபர் வருகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் அதிர்ந்தால் பின்சக்கரம். சொன்னால் யார் கேட்கிறார்கள்? "அலைன்மென்ட் செய்துபார்ப்போம்" என்று சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அந்த வேலைக்கும் ஒரு பில். சரி, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அதைச் செய்யலாம். இது இழுக்கவில்லை, நடுங்குகிறது. பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு 100இல் ஓடுகிற வாகனம் ஐயா இது!