"ஒரு ரவுண்டுதானே" என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் விளையாட்டு விழாவில் டென்னிஸ் வீராங்கனை நிருபமா வைத்தியநாதனின் வெற்றியை மறந்துவிட்டுப் பேசியதைப் பற்றி அன்றைக்கே அபார்ட்மெண்ட் குரூப்பில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் குரூப்பில் வந்த "ஒரு ரவுண்டுதானே மேடம், இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்ற பதில் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சானியா மிர்சாவுக்கு முன்னால் எந்த இந்தியப் பெண்ணும் டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை என்று சிறப்பு விருந்தினர் மைக்கில் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது தவறு. நிருபமா வைத்தியநாதன் ஜெயித்திருக்கிறார். நம்ம கோயம்புத்தூர்ப் பெண். 1998 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிச்சினியைத் தோற்கடித்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களையும் கிராண்ட்ஸ்லாமில் சேர்த்துக்கொண்ட ஓபன் எரா 1968-ல் தொடங்கி முப்பது வருஷம் வேறெந்த இந்தியப் பெண்ணுக்கும் வாய்க்காத வெற்றி அது.

"1934-லேயே லீலா ராவ் விம்பிள்டனில் ஜெயித்தாரே" என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். சரி, ஜெயித்தார். அப்படியென்றால் அன்றைக்கு மேடையில் இரண்டு பேரை மறந்திருக்கிறோம்.

ஒரு ரவுண்டு லேசான காரியமா? மெயின் டிரா என்கிற பிரதானப் போட்டியில் 128 பேர். ரேங்கிங்கில் ஏறக்குறைய முதல் நூறு பேருக்குத்தான் நேரடி இடம். மற்றவர்கள் மூன்று தகுதிச் சுற்று ஜெயித்து வர வேண்டும். அந்த ரேங்கிங்குக்காக நாடு நாடாகச் சின்னச் சின்ன டோர்னமெண்ட் ஆட வேண்டும். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் கைக்காசுதான்.

சானியாவைக் குறைத்துப் பேசுகிறேன் என்கிறார்கள். இல்லவே இல்லை. ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டம் வாங்கியவரை நான் குறைத்துப் பேச முடியுமா? 2005-ல் அவர் மெல்போர்னில் செரினாவோடு மூன்றாவது சுற்று ஆடியபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவள் நான். ஒருவரைப் பாராட்ட இன்னொருவரை ஏன் அழிக்க வேண்டும்? அதுதான் என் கேள்வி.

நிருபமா ஜெயித்தபோது எனக்குப் பதினான்கு வயது. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து விடியற்காலை அப்பா டிவிஎஸ் ஃபிப்டியில் என்னை உட்காரவைத்துக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார். பந்தின் ரோமம் தேய்ந்து வழவழப்பாகும் வரை அதே மூன்று பந்துதான். நிருபமாவுக்கும் அப்பாதான் கோச் என்று தெரிந்ததும் எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையை மசித்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். பள்ளிக்குப் புடவை எடுக்க அம்மா பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. டென்னிஸ் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளை வெயிலில் கறுத்துப்போகிறாள் என்றார்கள். ராக்கெட் பரணுக்குப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செய்தித் துண்டை மட்டும் அவர் கிழிக்கவில்லை.

"அவங்கதான் அமெரிக்காவில் செட்டில் ஆயிட்டாங்களே" என்று இன்னொரு பதில். ஆகட்டுமே. அதே 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம் வாங்கியதும், 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடியதும் யாருக்காக? குழந்தை பெற்ற பிறகு, 33 வயதில், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குத் திரும்பி வந்தாரே, அது யாருக்காக? எங்கள் தெருவில் பிரசவத்துக்கு அப்புறம் ஒரு பெண் வாக்கிங் போனாலே வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள்.

விழா முடிந்து லிஃப்டில் என் மகள் கேட்டாள், "அப்போ நீ சொன்ன ஆன்ட்டி நிஜமா ஜெயிச்சாங்களா, இல்லையாம்மா?" அவளுக்கு ஒன்பது வயது. மைக்கில் பேசியவர் சொல்வதா, அம்மா சொல்வதா என்று அவளுக்குக் குழப்பம். அந்த முகத்தைப் பார்த்தபோது வந்த கோபம்தான் இது.

இன்று அப்பா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். பீரோக் கதவைத் திறந்து காட்டினேன். பேப்பர் பழுப்பேறி, பருக்கை ஒட்டிய மூலைகளைப் பூச்சி அரித்திருந்தது. பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. எழுத்துக்கூட்டி அவளே வாசித்தாள்.