ஃப்ரோடோ தோற்றுப்போன இடம்

சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் வரும் அஸ்லான் என்ற சிங்கம் யார் என்று ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கிறிஸ்து என்று சொல்லிவிடும். துரோகம் செய்தவன் எட்மண்ட் என்ற சிறுவன். அவனுக்குப் பதிலாகக் கல்மேசையில் சாவது சிங்கம். பிடரியை மழித்து, வாயைக் கட்டி, கேலி பேசிக் கொல்கிறார்கள். விடிந்ததும் மேசை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, இரண்டு சிறுமிகளின் முன் சிங்கம் உயிரோடு வந்து நிற்கிறது. இது உருவகக் கதை இல்லை, அப்படி ஓர் உலகம் இருந்து கிறிஸ்து அங்கே போயிருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை என்றார் லூயிஸ். சரி, இருக்கட்டும். ஆனாலும் என்னைக் கேட்டால், கிறிஸ்தவம் ஆழமாக இறங்கியிருப்பது அவருடைய நண்பர் டோல்கீனின் மோதிரக் கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'-இல்தான். தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் போட்டு அழிக்க ஃப்ரோடோ என்பவன் நடந்து போகும் கதை அது.

இத்தனைக்கும் அதில் கோயில், குருமார் என்று எதுவும் கண்ணில் படாது. இது அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு, அதனால்தான் மதச் சடங்குகளை எல்லாம் எடுத்துவிட்டேன் என்று 1953-இல் ஓர் இயேசு சபைத் துறவிக்கு எழுதினார் டோல்கீன். பின்னிணைப்பில் தேதிகளைப் பாருங்கள். ரிவெண்டெல் என்ற இடத்தை விட்டு மோதிரத்தோடு ஃப்ரோடோவின் கூட்டம் புறப்படுவது டிசம்பர் 25. மோதிரம் அழிவது மார்ச் 25. மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. பழைய மரபில் இயேசு சிலுவையில் இறந்த நாளும் அதுவே. கதைக்குள் ஒருவரும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அப்புறம் வழியில் அவர்கள் சாப்பிடும் அந்த லெம்பாஸ் ரொட்டி. வேறு உணவோடு கலக்காமல் அதை மட்டுமே நம்பியிருக்கும்போதுதான் அதன் பலம் கூடுகிறது. திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வாங்கும் அப்பமான நற்கருணை ஞாபகம் வராத கத்தோலிக்கர் இருப்பாரா?

ஆனால் இதெல்லாம் சில்லறை. காண்டால்ஃப் என்ற மந்திரவாதி செத்துப் பிழைத்தார், ஆகவே அவர்தான் கிறிஸ்து என்று கணக்குப் போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. விஷயம் இருப்பது எரிமலையின் வாயில். அவ்வளவு தூரம் நடந்து, உடம்பு தேய்ந்து வந்த ஃப்ரோடோ, கடைசி நொடியில் மோதிரம் என்னுடையது என்று மாட்டிக்கொள்கிறான். தோற்றுவிட்டான். முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்காகவே அலையும் கோல்லம் பாய்ந்து விரலோடு கடித்துப் பிடுங்கி, வெற்றிக் களிப்பில் கூத்தாடி, கால் தவறித் தீயில் விழுகிறான். ஃப்ரோடோவின் உறவினர் பில்போ முன்பொரு நாள் கொல்லாமல் விட்டதால், பிறகு ஃப்ரோடோவும் இரங்கியதால், உயிரோடு இருந்தவன் அவன். மன உறுதி கைவிட்ட இடத்தில், முன்பு காட்டிய இரக்கம் வந்து காப்பாற்றுகிறது. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல், தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற ஜெபத்தோடு டோல்கீனே இந்தக் காட்சியைச் சேர்த்துப் பேசியிருக்கிறார்.

லூயிஸைக் குறைத்துச் சொல்லவில்லை. டான் ட்ரெடர் கப்பல் கதையின் முடிவில், கரையில் மீன் சுட்டு வைத்துச் சாப்பிட வாருங்கள் என்று ஓர் ஆட்டுக்குட்டி கூப்பிடுமே, உயிர்த்த இயேசு கரையில் மீன் சுட்டு வைத்துச் சீடரைக் கூப்பிடும் யோவான் 21 தெரியாதவருக்கும் அந்த இடம் இனிக்கும். அங்கே அவர் விளக்க முயலவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் மோதிரக் கதையை வைத்து 2003-இல் வந்த படத்தின் மேல்தான். அதில் ஃப்ரோடோ எழுந்துபோய் மல்லுக்கட்டுகிறான், அந்தத் தள்ளுமுள்ளில்தான் கோல்லம் விழுகிறான். நாயகன் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. அவன் ஒன்றும் செய்ய முடியாமல் போனதுதானே கதை!