புல்லும் ஆடும்தான் இருக்கா?

சனிக்கிழமை ராத்திரி நம்ம தமிழர் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக முழுக்கதையையும் திரும்பச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அக்டோபரில் சால்மன் மீன் பிடிக்க ஸ்காட்லாந்தில் இருக்கிற ட்வீட் ஆற்றுக்குப் போகிற பயணத்துக்குப் பெயர் கேட்டார்கள். ஒரு அக்கா "நாங்களும் வரலாமா?" என்று கேட்டார். பயணத்துக்கு புக் செய்திருக்கிற அண்ணன் போட்ட பதில் இது: "லேடீஸுக்கு அங்க பாக்க ஒண்ணுமில்லம்மா. புல்லும் ஆடும்தான். போரடிக்கும். நீங்க எடின்பரோல ஷாப்பிங் பண்ணிட்டு இருங்க, திரும்பும்போது வந்து கூட்டிக்கிறோம்." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த அக்கா ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

சிரித்தவர்களைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தக் கட்டைவிரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன்.

ட்வீட் ஆற்றங்கரையில் ஒண்ணுமில்லையா? ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவர் சொல்கிற பேச்சு அது. கரையில் நடக்கிறவர்களைக் கேளுங்கள், நாங்கள் சொல்கிறோம்.

என் வீட்டுக்காரரும் தூண்டில்காரர்தான். கெல்சோ ஊருக்குக் கொஞ்சம் கீழே ஒரு துண்டு ஆற்றில், அங்கே பீட் என்பார்கள், இலையுதிர் காலத்தில் அவர் மீன் பிடிக்கப் போவார். அவரைப் படகுக்காரரிடம் விட்டுவிட்டு நான் நடக்க ஆரம்பித்துவிடுவேன். கெல்சோவில்தான் டீவியட் ஆறு வந்து ட்வீட்டோடு சேர்கிறது. அந்தக் கூடலில் தூண்டில் போட எவ்வளவு பணம், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அண்ணனுக்குத் தெரியும். கொஞ்சம் மேலே, இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற அந்த மேடு என்னவென்று தெரியுமா? ராக்ஸ்பரோ கோட்டை. 1460-ல் ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் அதை முற்றுகையிட்டபோது, அவர் பக்கத்தில் நின்ற அவருடைய பீரங்கியே வெடித்துச் செத்துப்போனார். இன்று அங்கே மேடும் துண்டு துண்டாகச் சில சுவர்களும்தான் மிச்சம். எதிர்க்கரையில் ஃப்ளோர்ஸ் மாளிகை. ஊருக்குள் வந்தால் 1128-ல் தொடங்கிய மடாலயத்தின் மிச்சம். ஆற்றின் மேல் ஜான் ரென்னி 1803-ல் கட்டி முடித்த பாலம். அதே ரென்னிதான் பிறகு லண்டனில் பழைய வாட்டர்லூ பாலத்தைக் கட்டினார். அதை இடித்தபோது அதன் விளக்குத் தூண்களில் இரண்டு கெல்சோவுக்கு வந்து சேர்ந்தன. லண்டனிலிருந்து இத்தனை மைல் காரோட்டி வருகிறவர்கள் அந்த விளக்கின் கீழேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இது ஒரு ஊர். ஒரே ஒரு ஊர். இன்னும் மெல்ரோஸுக்கு வரவேயில்லை.

அம்மா இங்கே வந்திருந்தபோது மெல்ரோஸ் மடாலயத்துக்குக் கூட்டிப் போனேன். அம்மா தாராசுரத்துக்காரர், கோயில் கல்லைப் பார்த்தே வளர்ந்தவர். "இடிஞ்சு கெடக்கே, இதப் பாக்கவா இவ்ளோ தூரம்?" என்றுதான் உள்ளே வந்தார். பிறகு அவர்பாட்டுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்துவிட்டார். நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ஏய், இங்க வாடி! பன்னி நாயனம் ஊதுது பாரு!" என்று சத்தம். கூரையோரத்தில், மழைத்தண்ணீர் விழுகிற இடத்தில், ஒரு கல் பன்றி பேக்பைப் வாசிக்கிறது. காது மடிந்திருக்கிறது, பையைக் கட்டிப் பிடித்திருக்கிறது. அந்தச் சிற்பத்தைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு. ஒருவரும் காட்டாமல் எழுபது வயது அம்மா தானாகக் கண்டுபிடித்தார். அங்கேதான் ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸ் மன்னரின் இதயம் புதைந்திருக்கிறது என்று நம்புகிறார்கள். 1329-ல் சாகும்போது தன் இதயத்தைப் புனித பூமிக்கு எடுத்துப்போகச் சொன்னார். எடுத்துப்போன டக்ளஸ் பிரபு ஸ்பெயினில் சண்டையில் செத்தார், இதயம் திரும்பி வந்தது. 1996-ல் தோண்டியபோது ஈயப்பெட்டி ஒன்று கிடைத்து, 1998-ல் மறுபடி அங்கேயே புதைத்தார்கள். நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட கேள்வி: "அப்ப ஒடம்பு எங்கடி இருக்கு?" டன்ஃபர்ம்லினில் என்றேன். அடுத்த வாரம் அங்கேயும் போக வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பி அம்மா சொந்தக்காரர்களிடம் சொன்னது அந்தப் பன்றியையும் இதயப்பெட்டியையும்தான். மாப்பிள்ளை பிடித்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"எல்லாம் இடிஞ்ச சர்ச்சுதானே, ஒண்ணைப் பாத்தா எல்லாத்தையும் பாத்த மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். எப்படி இடிந்தது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? கெல்சோ, மெல்ரோஸ், ஜெட்பரோ, ட்ரைபரோ என்று 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய நான்கு மடாலயங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு நாடுகளின் எல்லையில் இருந்ததால் திரும்பத் திரும்ப அடிவாங்கின. 1385-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் படை மெல்ரோஸைக் கொளுத்தியது. 1544-லும் 1545-லும் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவின் படை வந்தது. ட்வீட்டின் கீழ்ப்பகுதியில் பல மைல் தூரம் இன்றும் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லைதான். அண்ணன் புக் செய்திருக்கிற பீட் கோல்ட்ஸ்ட்ரீம் பக்கம். தூண்டிலை வீசினால் அடுத்த நாட்டுக் கரைப்பக்கம் போய் விழும். அங்கிருந்து சில மைல் தூரத்தில் ஃப்ளாடன் போர்க்களம். 1513 செப்டம்பர் 9-ல் ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் மன்னர் தன் பிரபுக்களோடு விழுந்த இடம். ஒரு கல் சிலுவையும் வயல்வெளியும் மட்டும் இருக்கும். நான் அங்கே தனியாக நின்று அழுதிருக்கிறேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது அந்தப் "புல்லும் ஆடும்". எனக்கு அதிகமாக வலித்தது இந்த வார்த்தைதான். அந்த ஆட்டை அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். மெல்ரோஸ் துறவிகள் அந்தப் புல்லில்தான் மந்தை மந்தையாக ஆடு வளர்த்தார்கள். அந்த ரோமம் கப்பலேறி, இன்றைய பெல்ஜியம் பக்கம் இருக்கிற ஃப்ளாண்டர்ஸுக்குப் போயிற்று. மடாலயத்தின் செழிப்பில் அந்த ரோமக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. ரீவர் என்கிற எல்லைக் கொள்ளைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ராத்திரியில் ஓட்டிக்கொண்டு போனதும் இந்த ஆடுமாடுகளைத்தான். அவர்களுக்குப் பயந்து கட்டியவைதான் குன்றுகள் மேல் ஒற்றையாக நிற்கிற கல் கோபுரங்கள். ஸ்மெயில்ஹோம் கோபுரத்தில் ஏறிப் பாருங்கள், சுவர் எவ்வளவு கனம் என்று. பிறகு கலாஷீல்ஸிலும் ஹாயிக்கிலும் கம்பளி ஆலைகள் வந்ததும் இதே ரோமத்தால்.

அது மட்டுமா? ஜெட்பரோவிலிருந்து ஹாயிக் போகிற வழியில் டென்ஹோம் என்று ஒரு சின்ன ஊர். நடுவில் புல்வெளி, அதில் ஒரு நினைவுத்தூண். அது ஜான் லைடனுக்கு. ஆடு மேய்த்தவரின் மகன், 1775-ல் பிறந்தவர். எல்லைப்புற நாட்டுப்பாடல்களைத் திரட்ட எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்கு உதவினார். 1803-ல் மருத்துவராகக் கப்பலேறி நம்ம மெட்ராஸில் வந்து இறங்கினார். கீழை நாட்டு மொழிகளைக் கற்றுக்கொண்டே இருந்தவர், 1811-ல் ஜாவாவில் காய்ச்சலில் செத்தார். தமிழர்கள் போகிற பயணம் இது. அந்தத் தூணுக்கு முன்னால் பத்து நிமிஷம் நிற்க நமக்கு நேரமில்லையா?

"இவ்வளவு பணம் கட்டித் தூண்டில் போட இடம் வாங்கியிருக்கோம், அதை விட்டுட்டு ஊர் சுத்த முடியுமா" என்று கேட்கிறார்கள். நியாயம். சுற்ற வேண்டாம், மீன் பிடியுங்கள். உங்களை யாரும் தண்ணீரிலிருந்து இழுக்கவில்லை. கூட வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வழியை மட்டும் அடைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். "ஆம்பளைங்களுக்கும் ஓய்வு வேணும்ல" என்கிறார்கள். வேண்டும்தான். பெண்களுக்கு? அந்த வார இறுதிக்காகப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்தது யார்? விடியற்காலையில் ஃப்ளாஸ்க்கில் காபியும் டப்பாவில் புளியோதரையும் கட்டிக்கொடுப்பது யார்? அத்தனையும் செய்து முடித்த பிறகு "உனக்கு அங்க ஒண்ணுமில்ல" என்று சொன்னால் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஆற்றோரமாக ஒரு விடுதியில் தங்கினோம். காலைச் சாப்பாட்டு மேசையில் அந்த வீட்டம்மா என் கணவருக்கு மடுக்கள் எங்கே, எந்த மடுவில் தூண்டிலில் எந்தச் செயற்கை ஈயைக் கட்டலாம் என்று கையால் வரைந்த படத்தைக் கொடுத்தார். என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு டிவி ரிமோட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நல்ல மனுஷிதான், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் ட்ரைபரோ. வால்டர் ஸ்காட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கூட வந்தவளுக்கு அறையும் டிவியும் போதும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமை அந்த அக்காவுக்கு நடந்ததும் இதேதான். ஒருவரும் அவரிடம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கவில்லை.

எல்லாப் பெண்களுக்கும் சரித்திரம் பிடிக்காது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஷாப்பிங் பிடித்தவர்கள் ஷாப்பிங் போகட்டும். மழை, குளிர் என்பதும் உண்மை. அக்டோபர் முடிந்தால் பல இடங்களை மூட ஆரம்பிப்பார்கள், மடாலயங்களில் கல் விழும் என்று சில பகுதிகளை வேலி போட்டும் வைத்திருப்பார்கள். பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் "மீன் பிடிக்கிறது ஆம்பளை சமாச்சாரம்" என்று ஒருவர் நடுவில் போட்டாரே, அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விடமாட்டேன். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த ஆகப்பெரிய சால்மன் 64 பவுண்டு. 1922 அக்டோபர் 7, ஸ்காட்லாந்தின் டே ஆறு. பிடித்தவர் பெயர் ஜார்ஜினா பாலன்டைன். ஒரு பெண். நூறு வருஷம் தாண்டியும் அந்தச் சாதனையை எந்த ஆம்பளையும் முறியடிக்கவில்லை. கூட வருகிறவள் ஒருநாள் உங்கள் தூண்டிலையே கேட்பாளோ என்னவோ.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் திட்டத்தில் ஞாயிறு என்ன போட்டிருக்கிறீர்கள்? "லேட்டா எழுந்து, சாப்பிட்டு, லண்டன் ரிட்டர்ன்." சட்டமே கையிலிருந்து தூண்டிலை வாங்கி வைத்துவிட்ட நாளில்கூட, குடும்பத்தோடு ஆபட்ஸ்ஃபோர்டுக்குப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். 1811-ல் ஒரு பண்ணையை வாங்கி ஸ்காட் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. 1832 செப்டம்பரில் ஆற்றைப் பார்த்த சாப்பாட்டு அறையில்தான் உயிர் போயிற்று. ஜன்னல் திறந்திருந்தது, கூழாங்கல் மேல் ட்வீட் ஓடுகிற சத்தம் கேட்டது என்று அவர் மருமகன் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆற்றில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோவிட் நேரத்தில் எங்களுக்குச் செய்த உதவியை மறக்க மாட்டேன். ஆனால் அந்தப் பதில் தப்பு, அதற்குச் சிரித்ததும் தப்பு. அதைக் குழுவிலேயே சொல்லியிருப்பேன், அங்கே என் பேச்சு மீன் படங்களுக்கு அடியில் போயிருக்கும்.

அந்த அக்காவுக்கும், "எனக்கும் ஆசைதான்" என்று நேற்று இன்பாக்ஸில் வந்த மற்றவர்களுக்கும்: யாருடைய காரும் தேவையில்லை. 2015-லிருந்து எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயில் ஓடுகிறது, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து ஒரு பக்கம் நடந்தால் ஆபட்ஸ்ஃபோர்ட், இன்னொரு பக்கம் மெல்ரோஸ். ட்ரைபரோவுக்கு செயின்ட் பாஸ்வெல்ஸ் வரை பஸ், பிறகு ஆற்றின் மேல் நடைபாலம். எங்கள் வீட்டில் தங்கலாம், தோசைமாவு இருக்கும். குடை எடுத்து வராதீர்கள், அங்கே அடிக்கிற காற்றுக்கு நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டும் ஈரம் இறங்காத ஷூவும் போதும். தேதி கமெண்டில் போடுகிறேன், வருகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.