பெரியம்மாவும் அந்த 19 பக்கமும்

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகி, ஆபரேஷனும் முடிந்து, கீமோ தொடங்க ஒரு வாரம் இருந்தது. அப்போது ஆஸ்பத்திரியில் 19 பக்கத்தில் ஒரு காகிதக் கட்டைக் கையில் கொடுத்தார்கள். கிளினிக்கல் ட்ரயலில் சேர ஒப்புதல் படிவம். கீமோ மருந்து ஏறும் நேரத்தில் கைக்கும் காலுக்கும் குளிரூட்டிய உறை மாட்டிக்கொண்டால், பிற்பாடு விரல்கள் மரத்துப்போவது குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வு. புது மருந்து கிடையாது, கூடுதல் ஊசி கிடையாது. வெறும் உறை.

அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸப் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. "அக்காவை எலி ஆக்கப் பார்க்கிறாங்க. கையெழுத்து போட்டுடாதீங்க." சொன்னவர் எங்கள் மாமா. பாசத்தில் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. அதே மாமா நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது பெரிய டப்பா ஒன்றில் சத்து மாத்திரை கொண்டுவந்து வைத்தார். "கேன்சர் திரும்ப வராம தடுக்குமாம். வைட்டமின்தானே, என்ன பண்ணிடப் போகுது?"

அந்த டப்பாவுக்கு ஒப்புதல் படிவம் இல்லை. பக்கவிளைவு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற போன் நம்பர் இல்லை. பெரியம்மா அதைச் சாப்பிட்டு நன்றாக இருந்தாலும் சரி, மோசமானாலும் சரி, எந்தக் கணக்கிலும் ஏறப்போவதில்லை. அதைத்தான் எங்கள் வீட்டில் யாருமே சோதனை என்று நினைக்கவில்லை.

"வைட்டமின்தானே" என்பதற்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்படியானால் அவற்றில் இருக்கும், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, குலுக்கல் முறையில் பிரித்து, வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். யாருமே நம்பத் தயாராக இல்லை. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்ததும், 1996இல் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ட்ரயல் என்று ஒன்று நடக்காமல் இருந்திருந்தால், புகைபிடிப்பவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து இன்றைக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது பின்லாந்துப்பா" என்றார். சரி.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிரூபிக்கப்படாத ஒன்றை ஒரு நோயாளிக்குக் கொடுப்பது எங்கே நடந்தாலும் சோதனைதான். யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்களா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். எண்ணாமல் நடக்கும் சோதனையில் மாட்டுபவர்தான் எலி. எலிக்குக்கூட ஆய்வகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு என்பது வேறு விஷயம்.

இது மாமாக்கள் மட்டும் செய்யும் தவறு இல்லை. பெரிய பெரிய மருத்துவர்களே செய்திருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அதனால் அழிந்துபோகும் எலும்பு மஜ்ஜையை நோயாளியிடமே முன்கூட்டி எடுத்து வைத்திருந்த செல்களைக் கொண்டு மீட்கும் சிகிச்சை பரவியது. மருந்தை அதிகம் கொடுத்தால் புற்றுநோய் செல்கள் அதிகம் சாகும் என்பது தர்க்கம். காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தபோது பெண்கள் வழக்குப் போட்டார்கள், பலர் ஜெயித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ட்ரயலுக்கு வெளியே நேரடியாக அந்தச் சிகிச்சையைப் பெற்றார்கள். விளைவு, ட்ரயலில் சேர ஆள் கிடைக்கவில்லை. குலுக்கலில் பழைய சிகிச்சை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எனவே பதில் வரவே பல வருடம் ஆகிவிட்டது. 1999இல் பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, அந்தக் கொடுமையான சிகிச்சையால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. ஒரே ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வு மட்டும் பிரமாதமான பலன் என்றது. போய்ப் பார்த்தால் மோசடி. அடுத்த வருடமே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

ட்ரயலுக்கு வெளியே இருந்த அத்தனை பெண்களும் உயிரைப் பணயம் வைத்துச் சிகிச்சை எடுத்தார்கள், ஆனால் அவர்கள் பட்ட வேதனையிலிருந்து யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இதுதான் தாங்க முடியாத விஷயம்.

ட்ரயல் என்றாலே புது மருந்து, கூடுதல் சிகிச்சை என்று நினைக்கிறோம். எனக்குப் பிடித்த ட்ரயல்கள் எல்லாம் குறைக்கச் சொன்னவை. மார்பகப் புற்றுநோய் என்றால் மார்பு, அதன் அடியில் இருக்கும் தசை, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் என்று எல்லாவற்றையும் வெட்டி எடுப்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் வழக்கம். ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் காட்டிய வழி. பெர்னார்ட் ஃபிஷர் என்பவர் 1970களில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தால் போதாதா என்று ட்ரயல் நடத்தினார். பல சர்ஜன்கள் அவர்மீது கடுங்கோபத்தில் இருந்தார்கள். 20 வருடம் பின்தொடர்ந்த கணக்கு 2002இல் வெளிவந்தது. மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ரேடியேஷன் வாங்கியவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. 2018இல் இன்னொரு பெரிய ஆய்வு, 10,000 பேருக்கு மேல். ஹார்மோனைச் சார்ந்து வளரும், நிணநீர் முடிச்சுக்குப் பரவாத ஆரம்ப நிலைக் கட்டிகளில், நோய் திரும்ப வரும் அபாயத்தைக் கணிக்கும் மரபணுப் பரிசோதனையில் நடுத்தர மதிப்பெண் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கீமோ தேவையில்லை, ஹார்மோன் மாத்திரை போதும் என்று காட்டியது. இன்று கீமோ இல்லாமல் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னால், முகம் தெரியாத யாரோ ஒருத்தி குலுக்கலுக்குச் சம்மதித்திருக்கிறாள்.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையும் இப்படி எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். ஜப்பானில் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற, நரம்புத் திசுவில் வரும் புற்றுநோய்க் கட்டியைக் கண்டுபிடிக்கும் திட்டம் 1980களில் தொடங்கி நாடு முழுக்க நடந்தது. கட்டிகள் நிறையக் கிடைத்தன, ஆனால் அவற்றில் பல தானாகவே கரைந்துபோகக்கூடியவை. ஜெர்மனியிலும் கனடாவின் கியூபெக்கிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. ஜப்பான் திட்டத்தையே நிறுத்திவிட்டது. மாறாக, அதிகம் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. எந்தச் சோதனை எந்த ரகம் என்று முன்கூட்டி யாராலும் சொல்லிவிட முடியாது.

எலி என்ற சொல் சும்மா வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1963இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மருத்துவமனையில், வயதான, நலிந்த 22 நோயாளிகளின் தோலுக்கு அடியில் உயிருள்ள புற்றுநோய் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். அது புற்றுநோய் செல் என்று அவர்களிடம் சொல்லவே இல்லை. மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு நெறிமுறை வகுத்த 1964 ஹெல்சிங்கி பிரகடனமும், நெறிமுறைக் குழுக்களும், அந்த 19 பக்கமும் இப்படிப்பட்ட வரலாற்றிலிருந்துதான் வந்தன. அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இன்றைக்கும் குறை இல்லாமல் இல்லை. சில ட்ரயல்களில் கட்டி சுருங்கியது என்று காட்டுவார்கள், ஆள் கூடுதல் நாள் வாழ்ந்தாரா என்று காட்ட மாட்டார்கள். புது மருந்தைப் பலவீனமான பழைய மருந்தோடு மோதவிட்டு ஜெயித்ததாகச் சொல்வார்கள். இவற்றையெல்லாம் திட்டத்தான் வேண்டும். திட்டுவதற்குக்கூட எண் வேண்டும் இல்லையா?

அந்த 19 பக்கத்தை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன், பேனாவால் கோடு போட்டு. பாதி சட்ட மொழி. பெரியம்மாவுக்காக எழுதியதா, வக்கீலுக்காக எழுதியதா என்று சந்தேகம் வந்தது. கூடுதல் பரிசோதனைகளுக்கு யார் பணம் தருவார்கள், உறையால் விரலுக்குக் கெடுதல் வந்தால் யார் பொறுப்பு, நடுவில் விலகினால் கீமோ நிற்குமா என்று கேட்டோம். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகப் பதில் சொன்னார். விலகினாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும் என்பதை இரண்டு தடவை சொன்னார். மாமாவின் இன்னொரு பயம், வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள் என்பது. பலன் தரும் சிகிச்சை ஒன்று இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை கொடுப்பது புற்றுநோய் ட்ரயல்களில் வழக்கம் இல்லை. பெரும்பாலும் இரு தரப்புக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு, ஒரு தரப்புக்கு அதற்கு மேல் புதியது சேரும், அல்லது பழையதற்குப் பதில் புதியது. முதல் கட்ட ட்ரயல் மட்டும் தனி ரகம். அங்கே முக்கியமாகப் பார்ப்பது எவ்வளவு அளவு தாங்கும் என்பதைத்தான். அதில் குணமாகிவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

பெரியம்மா கையெழுத்துப் போட்டார். குலுக்கலில் உறை இல்லாத குழுவில் விழுந்தார்.

"எனக்கு உறை இல்லையாமே" என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது, பரீட்சையில் ஃபெயில் ஆனது போல முகம். உறை நல்லது என்று தெரிந்திருந்தால் எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள், தெரியாததால்தான், பெரியம்மா, இந்த ஆய்வே என்று சொல்லிப் பார்த்தேன். அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் வாரா வாரம் போனில் கேள்விகள் வந்தன. விரல் மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, குமட்டல் எவ்வளவு, தூக்கம் எப்படி, 0 முதல் 10 வரை. அதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவார். ஆறா ஏழா என்று என்னிடம் விவாதம் வேறு. ஐந்தாவது கீமோவுக்கு முன் அவர் கொடுத்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். டாக்டரிடம் நேரில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்வார், அவர் சுபாவம் அப்படி.

இந்த மாதிரிக் கேள்வித்தாளைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. தொந்தரவுகளை அவ்வப்போது கணினியில் பதிந்து, நர்ஸுக்கு உடனே தகவல் போன குழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு, பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்தது. வலியும் மனச்சோர்வும் தணிக்கும் பாலியேட்டிவ் கவனிப்பை ஆரம்பத்திலேயே சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். கடைசி நாட்களில் கீமோ குறைவாக வாங்கியும் அப்படி. ஒரு புது மருந்து இந்த அளவு பலன் காட்டியிருந்தால் செய்தித்தாளில் தலைப்புச் செய்தி. கேள்வித்தாளையும் ஆறுதலையும் விற்க யாருக்கும் ஆர்வமில்லை, அதனால் இத்தகைய ஆய்வுகளுக்குப் பணமும் எளிதில் கிடைப்பதில்லை.

என் பெரிய குறை கடைசியில்தான் இருக்கிறது. கீமோ முடிந்து மூன்று வருடம் ஆகிறது. பெரியம்மா நன்றாக இருக்கிறார், வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. உறை வேலை செய்ததா இல்லையா என்று இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. 19 பக்கம் படிக்கச் சொன்னவர்கள் முடிவை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பக் கூடாதா? ஒவ்வொரு செக்கப்பிலும் அவர் கேட்கிறார். "வந்ததும் சொல்றோம்மா" என்கிறார்கள்.

அடுத்த செக்கப் அடுத்த மாதம். இந்தத் தடவை கேள்வியை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பேனா பிடிக்க அந்த இரண்டு விரலும் ஒத்துழைப்பதில்லை.