டோல் சாவடியோடு நின்றுவிடும் பிரச்சாரம்

தீபாவளி நெருங்கினால் போதும், டோல் சாவடிகளில் சாலைப் பாதுகாப்புப் பிரச்சாரம் களைகட்டிவிடும். அதற்காக வெயிலில் நிற்கும் போலீஸ்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்கு டோலே கிடையாது. அப்புறம் சாவடியில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் யார் கைக்குப் போகிறது?

எங்கள் தோட்டத்து முச்சந்திக்கு வந்து பாருங்கள். லாரி திரும்பும்போது சிந்திய செம்பனைப் பழம் நசுங்கி, மழை பெய்தால் தார்ச்சாலை வழவழவென்று கிடக்கும். தெருவிளக்கு எரிவதில்லை. அந்த வழியாகத்தான் அப்பா ஓட்ட, முன்னால் பிள்ளை நிற்க, பின்னால் அம்மா முறுக்கு மாவுப் பையோடு உட்கார்ந்து வருகிறார்கள். பிள்ளைக்குத் தலைக்கவசம் இல்லை. கேட்டால், "பக்கத்துலதானே!"

போதாக்குறைக்கு இந்த வருடம் 'கவனமாக ஓட்டுங்கள்' பதாகையை அதே முச்சந்தியில் கண்மட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். மோட்டாரைப் பாதிச் சாலைக்கு நீட்டினால்தான் வருகிற லாரி தெரிகிறது. வயிறு எரிகிறது! முதலில் அதை அவிழ்த்து மேலே கட்டுங்கள். விளக்கைச் சரிசெய்யுங்கள். அடுத்த முறை கோயில் வாசலுக்கு வந்து, பிள்ளைகள் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசம் கொடுங்கள்.