புத்தகத்தைப் பிரித்து விற்றவர்கள்

பாரசீக மினியேச்சர் ஓவியங்களைப் பகிரும் நண்பர்கள் எனக்கு நிறைய. நீலமும் பொன்னும் மின்னும் ஒரு படம், மேலே "என்ன நுணுக்கம்!" என்று ஒரு வரி. நுணுக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கதைப் புத்தகத்தின் பக்கம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பகிர்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் பக்கத்தைப் பிய்த்தவர்கள் மீதுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷாநாமா என்பது கவிஞர் ஃபிர்தௌசி 1010இல் முடித்த பாரசீக மன்னர்களின் காவியம். ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஈரடிகள். அதற்கு 1520களில் ஈரானின் தப்ரீஸ் நகர அரண்மனைப் பட்டறையில் ஒரு பிரதி எழுதி வரையத் தொடங்கினார்கள். 759 தாள்கள், 258 ஓவியங்கள். 1568இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலிமுக்குப் பரிசாகப் போனது, பின்னாளில் பாரிஸின் ரோத்ஸ்சைல்ட் குடும்பத்திடம் வந்தது. அதுவரை புத்தகம் புத்தகமாகவே இருந்தது.

1959இல் ஆர்தர் ஹௌட்டன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஹார்வர்டில் அரிய நூல்களுக்கென்றே ஒரு நூலகம் அமையப் பணம் கொடுத்த மனிதர்! அவர்தான் புத்தகத்தின் கட்டைப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் (சுருக்கமாக மெட்) அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போயின. 1976இல் ஏழு தாள்கள் ஏலத்துக்கு வந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக விற்பனை. அவர் இறந்தபின், 1994இல், மிச்சமிருந்த 118 ஓவியங்களை ஈரான் மீட்டது. பணம் கொடுத்து அல்ல; வில்லெம் டி கூனிங் வரைந்த ஒரு நிர்வாணப் பெண் ஓவியத்தைக் கொடுத்து, வியன்னா விமான நிலையத்தில் பண்டமாற்று.

இதில் என்ன போயிற்று என்று கேட்டால், அந்தப் பட்டறையின் ஓவியர் சுல்தான் முகம்மது வரைந்த 'கயூமர்ஸின் அவை'யைப் பாருங்கள். காவியத்தில் உலகின் முதல் மன்னனான கயூமர்ஸ் மலைமேல் அமர்ந்திருக்கிறான். சுற்றிலும் சிறுத்தைத் தோல் உடுத்திய மக்கள், அடங்கிக் கிடக்கும் விலங்குகள். பாறைகளை உற்றுப் பார்த்தால் உள்ளே முகங்கள் ஒளிந்திருக்கின்றன. மலை சட்டத்துக்குள் அடங்காமல் தாளின் ஓரத்தில் வழிகிறது. இதன்முன் ஓவியர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள் என்று அக்காலக் கலைஞர் தூஸ்த் முகம்மது 1544இல் எழுதிவைத்தார்.

இவ்வளவு அழகுக்கு நடுவே மன்னன் முகம் மட்டும் வாடியிருக்கிறது. பார்வை மகன் சியாமக் மேல். சில ஈரடிகளுக்குள் அந்த மகனைக் கரிய பூதம் கொன்றுவிடும். கதையைப் படித்துக்கொண்டே தாளைப் புரட்டியவனுக்கு அந்த வாட்டம் நெஞ்சில் தைத்திருக்கும். நமக்கோ 'அழகான மலை'.

அந்த அவையில் பேரன் ஹூஷங்கும் இருக்கிறான். இரண்டே தாள் தள்ளி அவன் மன்னனாகி, நெருப்பைக் கண்டடைந்து, அதற்காகச் சதே என்ற விருந்து கொண்டாடுகிறான். இப்போது அவைப் படம் டொராண்டோவின் ஆகா கான் அருங்காட்சியகத்தில், விருந்துப் படம் நியூயார்க்கில். இரண்டு தாள் தூரத்துக்கு இன்று விமான டிக்கெட் வேண்டும்.

பிரிக்காவிட்டால் எங்கோ பூட்டிக் கிடந்திருக்கும், நாலு பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பார்கள். சரி, அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. இஸ்தான்புல் அரண்மனையில் முந்நூறு ஆண்டுக்குமேல் அப்படித்தான் கிடந்தது. ஆனால் ஊருக்குக் காட்டக் கத்தி எதற்கு? 258 ஓவியங்களையும் வரிசையாக ஒரே நூலில் மெட் பின்னாளில் அச்சிட்டது. கேமரா 1959லும் இருந்ததே. பிரித்ததற்குக் காரணம் காசு. 2022இல், காவிய வீரன் ருஸ்தம் தன் குதிரை ரக்‌ஷை மீட்கும் ஒரே ஒரு தாள் லண்டன் ஏலத்தில் 80 லட்சம் பவுண்டுக்குப் போனது. முழுப் புத்தகத்தை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? தாளுக்கு வருவார்கள்.

படங்களைத் தாராளமாகப் பகிருங்கள். ஓவியத்துக்குள் இருக்கும் எழுத்துக் கட்டங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முடிந்தால் இதற்கு முன் என்ன நடந்தது, அடுத்து யார் சாகப்போகிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.