கொய்யாவுக்கு ஏன் இந்த இளக்காரம்?

சென்ற மாதம் உடல்நலமின்றி இருந்த உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனபோது ஒரு கிலோ கொய்யாப்பழம் வாங்கிச் சென்றேன். பையைப் பிரித்துப் பார்த்த அத்தை, "காய்ச்சல்காரனுக்குப் போய்க் கொய்யாவா? சளி பிடிக்குமே" என்று சொல்லி அதை ஓரமாக வைத்துவிட்டார். மேசையின் மேல் ஏற்கெனவே ஆப்பிளும், பெட்டியில் அடைத்த கிவிப்பழமும் இருந்தன.

நூறு கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் 50, கிவியில் 90 அளவுக்கு இருக்கிறது. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் விளைந்து கூடைகளில் வந்திறங்கும் கொய்யாவிலோ 200 மில்லிகிராமைத் தாண்டும். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்திருப்பதை வைத்துப் பார்த்தால், அரைப்பழமே அன்றைய கணக்கைத் தீர்த்துவிடும். இருந்தும் விலை குறைவு என்பதனாலேயே கொய்யாவுக்கு மரியாதையும் குறைந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம்.

உள்ளூரில் விளைந்தது என்பதற்காகவே ஒரு காயில் சத்து கூடிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வைட்டமின் சி நாள்பட நாள்பட, அதிலும் வெயிலில் வாட வாட, குறைந்துகொண்டே போகும் சத்து. காலையில் பறித்த கீரையை மதியம் சமைப்பதற்கும், இரண்டு நாள் வெளியூர்ப் பயணம் செய்து துவண்டுபோன கட்டை வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் வருகிறது. அந்தக் கீரையையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டால், எஞ்சியிருந்த சத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது.

முருங்கைக்கீரையின் கதை வேறு. அதிலுள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஆனால் அது குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும். நல்லெண்ணெயில் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்துப் பொரியல் செய்த நம் பாட்டிமார்கள் கரோட்டின் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். செய்முறை மட்டும் சரியாகவே இருந்தது. குழந்தைகளுக்கு மாலைக்கண் வராமல் தடுக்க 1970 முதல் இந்த நாட்டில் வைட்டமின் ஏ திரவம் கொடுக்கப்பட்டு வருகிறது. அது தொடரத்தான் வேண்டும். ஆனால் ஒரு கொம்பை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும் மரத்தை, வேதாளம் ஏறும் என்றும் கம்பளிப்பூச்சி வரும் என்றும் சொல்லி வெட்டிவிட்டு, அதே இலையின் பொடியைக் குப்பியில் அடைத்து விற்கும்போது மட்டும் வாங்குகிறோமே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. (கம்பளிப்பூச்சி வருவது உண்மைதான், மறுக்கவில்லை.)

எல்லாமே தோட்டத்தில் கிடைத்துவிடும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பி12 எந்தக் காயிலும் கீரையிலும் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்துதான் அது வர வேண்டும். பாலையும் தவிர்ப்பவர்கள், மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே சரி.